அச்சுறுத்தல்கள் எதுவும் இல்லை

முப்பத்தொன்பது சதவீதத்துக்கு வந்ததும் அந்தப் பச்சைக் கோடு படுத்துக்கொண்டது. நகராமல் எப்படி, நகர்கிறதுதான், கோப்புகளின் பெயர்கள் கீழே எறும்புச் சாரை மாதிரி ஓடிக்கொண்டுதானே இருக்கின்றன, ஆனாலும் முப்பத்தொன்பது முப்பத்தொன்பதாகவே இருந்தது. நவநீதன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்திருந்தான். "எதையும் தொட்டராத தம்பி, அது பாட்டுக்கு ஓடட்டும், ஒரு மணி நேரம் ஆகும்" என்று கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் யுவராசு காலையில் போனில் சொல்லியிருந்தார். தொடாமல் இருக்க இந்தக் கைகளை நம்ப முடியாது என்று அவனுக்குத் தெரியும். வைரஸ் தேடுகிற திரையின் நடுவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஓர் எண், எண்ணுக்குக் கீழே ஒரு வரி. கண்டுபிடிக்கப்பட்ட அச்சுறுத்தல்கள்: பூஜ்ஜியம். பத்தரை மணியிலிருந்து அந்தப் பூஜ்ஜியம் அவனையே முறைத்துக்கொண்டிருந்தது, கண் இமைக்காத மீன் மாதிரி. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் பத்துப் பதினோரு பேர் இருந்தார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பிட்டு வந்து இரண்டாவது தடவை கொடுக்கக் காத்திருப்பவர்கள், நேற்றே முடிவு வந்திருக்க வேண்டியவர்கள். அதில் ஆறுச்சாமி ஐயா ஒருவர், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், பஸ்ஸின் கடைசி சீட்டுவரை போய்ப் பழகிய குரல். "ஏனுங் அம்மிணி, கம்ப்யூட்டருக்கே காச்சல்னா அதுக்கும் ஊசி போட்டு ரத்தம் எடுத்துப் பாத்தர வேண்டீதுதானுங்?" பெஞ்சு சிரித்தது. முன்மேசையில் பெயர் எழுதும் வளர்மதி, "மருந்து குடுத்தாச்சுங் ஐயா, தூங்குது, சத்தம் போடாதீங்" என்றாள். மறுபடியும் சிரிப்பு. நவநீதன் சிரிக்கவில்லை. நேற்று சிரித்தான். நேற்று சிரித்தது ஞாபகம் வந்ததும் காது மடல் இரண்டும் சுட்டன, யாரோ பின்னால் நின்று திருகியது போல. நாற்பது.

நேற்று மதியம் சாப்பாட்டு நேரம். பெஞ்சு காலி. ரங்கநாயகி அக்கா வெள்ளைக் கோட்டின் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார், கோயிலில் தேங்காய் கொடுப்பது போல. அக்காதான் இந்த லேபில் ரத்தம் எடுக்கிறவர். பதினெட்டு வருஷம். உடுமலைப்பேட்டையில் பாதிப் பேரின் நரம்பு எங்கே ஓடுகிறதென்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார் என்று ஓனர் கிட்டுசாமி வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுவார். "சாமி, ஒரு அஞ்சு காப்பி எடுத்துக் குடுக்கறயா? என்ற புள்ள சுகந்தி ஜாதகம். ஞாயித்துக்கிழமை மாப்ள வூட்லருந்து வர்றாங்க, அவங்க மாமன் மச்சானெல்லாம் ஆளுக்கொண்ணு கேப்பாங்களாமா." இப்போதெல்லாம் ஜோசியரே கம்ப்யூட்டரில் கணித்துப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுகிறார். தாளாக இருந்தால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவலாம். அக்காவுக்குத் தாள் இன்னும் வரவில்லை, அதனால் பென்டிரைவுக்கே தடவியிருந்தார். நாலு மூலைக்கும், பொறுமையாக, விரல் நுனியால். நவநீதன் அதைச் சொருகினான். ஐந்து தாள் வந்தது. அக்கா ஒவ்வொன்றையும் சூடு ஆறும்வரை ஊதினார். பிறகு போயிருக்கலாம், போகவில்லை, அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார், அவன் வேலை செய்வதைப் பார்க்க அக்காவுக்குப் பிடிக்கும். அந்த நேரத்தில்தான் திரையின் மூலையில் அந்தக் கட்டம் வந்தது. மூன்று வாரமாக வருகிறது. வைரஸ் தடுப்பின் புதிய பதிப்பு தயார், இப்போது ஏற்றவா, பிறகா? தினமும் 'பிறகு' என்று அனுப்பிவிடுவான், வாசலில் வந்து நிற்கிற தெரியாத ஆளை அனுப்புவது போல. நேற்று 'இப்போது' என்று அமுக்கினான். கொஞ்ச நேரத்தில் நடுத் திரையில் இன்னொரு கட்டம், மஞ்சள் முக்கோணத்தோடு, நாலு வரி. "எப்படித்தான் இத்தனையும் கண்ணுல பாத்த உடனே உனக்குப் புரியுதோ சாமி, படக்கு படக்குன்னு அமுத்தற" என்றார் அக்கா பின்னாலிருந்து. அந்த வார்த்தைக்குத்தான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் படிக்கவில்லை. படிக்க நின்றால் படிக்க வேண்டியிருக்கிற ஆள் ஆகிவிடுவான். படக்கென்று அமுக்கினான். தொடர்க. படக்கென்று இன்னொன்று. மறுபடி தொடங்கு. திரை கறுத்தது, ஒரு வட்டம் சுற்றியது, நீலமானது, சோகமான முகம் ஒன்று வந்து போனது, மறுபடி கறுத்தது, மறுபடி நீலம். அப்போதே வயிற்றில் ஒன்று தெரிந்துவிட்டது. மூளைக்கு எட்டுவதற்கு முன்னால் வயிற்றுக்குத் தெரிந்துவிடுகின்றன சில விஷயங்கள். நாற்பத்து நான்கு.

நான் பொய் சொல்லவில்லை. இதை அவன் நேற்று இரவு முழுக்கப் பல்லுக்குள் வைத்து மென்றான், இப்போதும் மென்றான். கிட்டுசாமி அண்ணன் வந்தார், இடுப்பில் கை வைத்து நின்றார், "என்றா நவநீதா, என்னாச்சு?" என்றார். "தெரியலீங்ணா, ஆப் ஆகி ஆப் ஆகி வருதுங்." அவர் குனிந்தார். மெசினின் முகத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு அந்தப் பென்டிரைவ் தொங்கிக்கொண்டிருந்தது. "இதென்றா மஞ்சளு? இதாருது?" "அக்காவுதுங்." அவ்வளவுதான். உண்மையைத்தான் சொன்னான். அக்காவுடையது அக்காவுடையதுதான். அண்ணன் கேட்டது இதாருது என்று, என்ன அமுக்கினாய் என்று கேட்கவில்லை, கேட்டிருந்தால், கேட்டிருந்தால் சொல்லியிருப்பானா? அண்ணன் நிமிர்ந்து, "ஏனுங்க்கா, கண்ட கண்ட பென்டிரைவக் கொண்டாந்து சொருகுனா வைரஸ் வராம என்னுங் வரும்? நாப்பத்தி மூணு பேரு ரிப்போர்ட்டு உள்ள இருக்குது" என்றபோது அக்காவின் முகம் சுருங்கியதை நவநீதன் பார்க்கவில்லை, பார்க்காமல் இருப்பதற்காக விசைப்பலகையில் ஒட்டியிருந்த ஒரு சோற்றுப் பருக்கையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை. இல்லீங்ணா, நான் ஒரு பட்டனை அமுத்துனேன். ஆறு வார்த்தைகூட இல்லை. ஆனால் அதற்கு முன்னால் இன்னும் ஆயிரம் வார்த்தை நின்றுகொண்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று அண்ணன் கேட்டார், கம்ப்யூட்டரெல்லாம் தெரியுமா. தெரியுமுங்ணா, எல்லாம் தெரியுமுங். மூன்று மாசப் பயிற்சியில் இரண்டு மாசம்தான் போனான், சான்றிதழ் என்று காட்டியது சேர்க்கைச் சீட்டு, அண்ணன் அதைக் கண்ணாடி போடாமல் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் வருகிறவர்களிடமெல்லாம், இது நம்ம என்ஜினியருங். அக்காவும் அதையே சொல்வார். எங்க என்ஜினியர்த் தம்பி. அது கேட்கக் கேட்கத் தோளில் துண்டு போட்டது போல இருக்கும். துண்டை யாராவது கழற்றிக் கொடுப்பார்களா. மாடி வீட்டு டீச்சர் ஞாபகம் வந்தார். ஏன் இப்போது, எதற்கு, ஆனால் வந்தார், ஈரத் தலையில் துண்டு கட்டியபடி மாடிப்படியில் நின்றார். அவனுக்கு ஒன்பது வயது. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாரைப் போட்டுவிட்டு நிறுத்த மறந்து விளையாடப் போய்விட்டான். கிணற்றில் தண்ணீர் இல்லாமல் ஓடி ஓடி மோட்டார் கருகி, வீடு முழுக்க எரிந்த ரப்பர் நாற்றம். அப்பா நேரே மாடியைப் பார்த்துத்தான் கத்தினார். குடியிருக்கறவங்க இப்படியா மோட்டாரப் போட்டுட்டுத் தூங்குவீங்? டீச்சர் இல்லை என்று சொன்னார், இரண்டு தடவை சொன்னார், மூன்றாவது தடவை சொல்லவில்லை. அடுத்த மாசம் சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வேன் கிளம்பும்போது இவன் தலையைத் தடவி, நல்லாப் படி கண்ணு என்றார். அன்றும் யாரும் அவனைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். பதினாறு வருஷமாக இதே வாக்கியம், கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், துவைத்துத் துவைத்து நூல் தெரிகிற சட்டை மாதிரி ஆகிவிட்டது. ஐம்பது.

ஐம்பது வந்தால் எழுந்து போய்ச் சொல்லிவிடுவதாக அவன் முன்பே தனக்குள் பேசி வைத்திருந்தான். ஐம்பதும் வந்தது. ரத்தம் எடுக்கும் அறையின் திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது, "அவ்வளவுதாஞ் சாமி, எறும்பு கடிச்சுது, எறும்பு ஓடியே போச்சு" என்று அக்கா சொல்வது கேட்டது. குழந்தை அழும்போது போய்ச் சொல்வதா. எழுபது வரட்டும். எழுபதில் கண்டிப்பாக. நாப்பத்தி மூணு ரிப்போர்ட்டு. அதில் ஒரு பாதியை அக்காதான் நேற்று எழுதினார். கம்ப்யூட்டர் போய்விட்டதென்று தெரிந்ததும் அவசரமான முடிவுகளைக் கையால் எழுதிக் கொடுப்பதென்று முடிவாயிற்று. சோதனை மெசின் துப்பிய துண்டுச் சீட்டுகளை வைத்து நவநீதன் வாசிக்க வாசிக்க, அக்கா எழுதினார், வழக்கமாக ஐந்து மணி பஸ்ஸுக்குப் போய்விடுகிறவர் ஏழு மணி பஸ்ஸையும் விட்டுவிட்டு எழுதினார். அச்சடித்த மாதிரி கையெழுத்து. சர்க்கரை நூற்று எண்பத்தி ரெண்டு. யூரியா இருபத்தி ஆறு. நடுவில் ஒரு தடவை பேனாவை வைத்துவிட்டு விரலை நெட்டி முறித்து, "என்னாலதாஞ் சாமி உனக்கும் பேச்சு, நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத" என்றார். அவன் என்ன சொன்னான்? அடுத்த சீட்டை எடுத்து வாசித்தான். கிரியேட்டினின் ஒண்ணு புள்ளி ஒண்ணு. அந்தக் குரல் எப்படி வந்தது, நடுங்காமல், அவ்வளவு தெளிவாக, ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி? அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வளர்மதி அந்தப் பேச்சைப் பேசினாள். கெட்ட எண்ணமில்லை அவளுக்கு, வாய் சும்மா இருக்காது. "அக்கா, ஜாதகம் உள்ள போன அஞ்சு நிமிசத்துல மெசினே படுத்துக்கிச்சு, மாப்ள வூட்டுக்குள்ள போனா என்னாகுமோ, தாங்குவாங்களா?" அண்ணன் சிரித்தார். பக்கத்து மருந்துக்கடைப் பையன்கள் சிரித்தார்கள். நவநீதனும் சிரித்தான். சிரிக்காமல் இருந்தால் ஏன் சிரிக்கவில்லை என்று யாராவது கேட்பார்கள் என்று சிரித்தான், கொஞ்சம் அதிகமாகவே, எல்லோரும் நிறுத்திய பிறகும் ஒரு சிரிப்பு மீதி இருந்தது, அது அவனுடையது. அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஐந்து தாளையும் நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். அத்தனை நேரம் மடங்காமல் அட்டைக்குள் வைத்திருந்த தாள்கள்.

காலை ஒன்பது மணிக்கே யுவராசு கூப்பிட்டுவிட்டார். அவர் சொன்னபடியெல்லாம் செய்து, மெசினைப் பாதுகாப்பு முறையில் எழுப்பி, பழைய வைரஸ் தடுப்பை வேரோடு பிடுங்கியதும், அது எழுந்து உட்கார்ந்துவிட்டது, ஒன்றும் நடக்காதது போல, ரிப்போர்ட்டெல்லாம் அப்படியே இருக்க. "பழைய ஆன்ட்டிவைரஸ் தம்பி. இந்த அப்டேட்டோட அது ஒத்துப்போகாது. ரெண்டும் ஒரே கதவுல நின்னுட்டு ஒண்ணையொண்ணு உள்ள உடாம மல்லுக்கட்டும், மெசினு செத்துப் பொழைக்கும். நேத்து எனக்கு இதே மாதிரி மூணு போன். முன்னாடியே மஞ்சளா ஒரு மெசேஜ் வந்திருக்குமே, மொதல்ல இத எடுத்துட்டு அப்பறம் ஏத்துன்னு, படிக்கலியா?" நவநீதன் போனைக் காதோடு இன்னும் இறுக்கினான், வளர்மதிக்குக் கேட்டுவிடுமோ என்று. "பென்டிரைவ் ஒண்ணு சொருகியிருந்துதுங். அதுனால இருக்குமாங்?" கேட்டுவிட்டான். பதில் தெரிந்தே கேட்டான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடமாட்டாரா என்று கேட்டான். "அட நீ வேற. வேணும்னா அதையும் சொருகி வெச்சே புதுசுல ஒரு தடவ முழுசா ஓட்டீரு, சந்தேகம் தீந்துரும்." ஒன்பது மணிக்குத் தெரிந்துவிட்டது. பத்து மணிக்கு அக்கா டீ கொண்டுவந்தார். இரண்டு தம்ளர். ஒன்றை அவன் மேசையில் வைத்துவிட்டு, தானாகவே, யாரும் கேட்காமல், வெளியே பார்த்தபடி சொன்னார். "நேத்து சாயங்காலம் மாப்ளையோட அம்மாவுக்குப் போன் போட்டுட்டேஞ் சாமி. ஒரு தடங்கல் வந்துருச்சுங், ஞாயித்துக்கிழமை வேண்டாங், தள்ளிப் பாத்துக்கலாம்னுட்டேன்." அவன் தம்ளரைப் பிடித்தான். சூடு. "என்னையப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கு வர்ற வழியில பஸ் டயர் வெடிச்சுது. எங்கப்பன் அதெல்லாம் ஒண்ணுமில்லேன்னு கண்டுக்கல. ஆறு வருசந்தான் சுகந்தியோட அப்பா இருந்தாரு. ஜாதகத்தத் தொறந்த அன்னிக்கே இப்படின்னா நான் எப்படிக் கண்ண மூடிக்கறது சொல்லு." தம்ளர் இன்னும் சூடாக இருந்தது. "அவங்களும் நல்ல மாதிரிதான் பேசுனாங்க. அப்படின்னா அன்னிக்குக் காங்கயத்துல ஒரு புள்ள இருக்குது, அதப் பாக்கப் போறோம், எதுக்கும் இன்னிக்குப் பன்னண்டு மணிக்குள்ள யோசிச்சுச் சொல்லீருங்கன்னாங்க. சுகந்திதான் ராத்திரி சாப்புடல. பதினொண்ணாவது இடம் இது. அந்தப் பையன்கிட்ட ஒரு தடவ போன்ல பேசுனா. புடிச்சிருக்குதும்மான்னு வாயத் தொறந்து சொன்னது இதுக்குத்தான்." அப்போது சொல்லியிருக்க வேண்டும். அதைவிட ஒரு நேரம் கிடைக்குமா. வாய் திறந்தது, உள்ளே டீ போனது, நாக்கு வெந்தது, "ம்" என்றான். ம். அந்த ஒரு ம்-ஐ எடுத்துக்கொண்டு அக்கா தம்ளர்களைக் கழுவப் போனார்.

இப்போதும் நாக்கின் நுனி தடித்துக் கிடந்தது. பல்லில் தேய்த்துப் பார்த்தான். எழுபத்து மூன்று. எழுபது எப்போது போனது? மணி பதினொன்று பத்து. எழுபதில் சொல்வதாக இருந்தானே, எழுபது அவனைக் கேட்காமல் போய்விட்டது, இப்போது எழுபத்து மூன்றுக்கு என்ன செய்வது, அதற்கு ஒரு பேச்சும் இல்லையே. கிட்டுசாமி அண்ணன் வேறு உள்ளே எட்டிப் பார்த்து, "என்றா என்ஜினியரு, மத்தியானத்துக்குள்ள ஆயிருமா?" என்றுவிட்டுப் போனார். ஆயிருமுங்ணா. திரையில் ஓடிய பெயர்கள் சட்டென்று மாறின. இதுவரை எண்ணும் எழுத்துமாக ஓடியவை நின்று, மனிதப் பெயராக ஒன்று வந்தது. சுகந்தி ஜாதகம். பென்டிரைவுக்குள் நுழைந்துவிட்டது. சுகந்தி போட்டோ ஒன்று. சுகந்தி போட்டோ இரண்டு. சுகந்தி மாங்காய்ப் பச்சைப் புடவை. சுகந்தி படிப்புச் சான்று. அவளை அவன் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறான், ஆயுத பூஜையன்று அம்மாவோடு வந்திருந்தாள், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் வேலை, சுண்டலைக் காகிதத்தில் மடித்து எல்லோருக்கும் கொடுத்தாள், இவனுக்கும். ஒவ்வொரு பெயராக அது எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைப்பதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் தன் மூச்சு நின்றிருப்பது தெரிந்தது. எதற்கு? ஒன்று வேண்டும் என்று. ஒரே ஒரு வைரஸ். சின்னதாக, பல் முளைக்காததாக இருந்தாலும் போதும். அந்தப் பூஜ்ஜியம் ஒன்றாகிவிட்டால் அவன் தப்பித்தான். அண்ணன் சொன்னது சரி, வளர்மதி சொன்னது சரி, அக்காவின் பயம் சரி, எல்லாமே சரி, அவன் விரல் மட்டும் எங்கும் இருந்திருக்காது. வா, வா, என்று அவன் உள்ளே எதுவோ அதைக் கூப்பிட்டது, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் கூப்பிடுகிற மாதிரி. அந்தப் பெண்ணின் ஜாதகத்துக்குள் ஏதாவது கெட்டது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். பகல் பதினொன்றே காலுக்கு, மின்விசிறிக்குக் கீழே, சுண்டல் கொடுத்த பெண்ணுக்கு. வளர்மதியாவது வாயால் சொன்னாள், சொல்லிவிட்டு மறந்தாள். அவன் கைகளைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்தான், இரண்டும் மரத்துப்போய், நாற்காலியின் பிளாஸ்டிக் வரிகள் உள்ளங்கையில் பதிந்திருந்தன, வேறு யாருடைய கைகளோ மாதிரி இருந்தன. பச்சைக் கோடு கடைசி வரை போய்ச் சேர்ந்தது. வட்டம் விரிந்து ஒரு சரி அடையாளம் விழுந்தது. அச்சுறுத்தல்கள் எதுவும் இல்லை. உங்கள் கணினி பாதுகாப்பாக உள்ளது. மணி பதினொன்று முப்பத்தெட்டு. கால்களில் எறும்பு ஊர்ந்தது, எழுந்தபோது தரை தூரத்தில் இருந்தது, கண்ணாடித் தடுப்பைத் தாண்டி, பெஞ்சைத் தாண்டி, பதினோரு ஜோடிக் கண்களைத் தாண்டி எட்டு எட்டு, ஒன்பதாவது எட்டில் திரைச்சீலை. இன்னும் திரும்பலாம். திரும்பினால் பன்னிரண்டு ஆகிவிடும், அப்புறம் சொல்லியும் பயனில்லை, பயனில்லாததால் சொல்லவே வேண்டியதில்லை, டீச்சரின் வேன் கிளம்பிவிட்டது போல. எவ்வளவு நிம்மதி. அந்த நிம்மதியின் வாசனை கருகிய ரப்பராக இருந்தது. திரைச்சீலையை விலக்கினான்.

ஆறுச்சாமி ஐயா நாற்காலியில் கையை நீட்டி உட்கார்ந்திருந்தார், மேல்கையில் ரப்பர் பட்டை, ஊசி உள்ளே. அக்கா நிமிரவில்லை. "என்ன சாமி, ஆயிருச்சா?"

"ஆயிருச்சுங்க்கா. ரிப்போர்ட்டெல்லாம் இருக்குதுங்."

"முருகா. அந்தப் பென்டிரைவ எடுத்து எங்கியாச்சும் வீசீரு சாமி. என்ற கண்ணுல காட்டாத."

"அதுல ஒண்ணுமில்லீங்க்கா." குழாயில் ரத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னான், முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது. "நாந்தானுங். நேத்து மஞ்சளா ஒரு மெசேஜ் வந்துச்சுங். பழைய ஆன்ட்டிவைரஸ எடுத்துட்டுத்தான் புதுச ஏத்தோணும்னு அதுல போட்டிருந்துதாமாங். நான் படிக்கலீங். நீங்க பின்னால நின்னுட்டு இருந்தீங். படக்குனு அமுத்துனா நல்லாருக்கும்னு அமுத்திட்டனுங். அதுல போனதுதானுங் மெசினு. ஜாதகத்துனால இல்லீங்."

அக்கா ரப்பர் பட்டையைத் தளர்த்தினார். பஞ்சை வைத்து ஊசியை உருவினார். எல்லாம் எப்போதும் போல, ஒரு சொட்டும் சிந்தாமல்.

"நேத்தே தெரியுமா?"

"வவுத்துல தெரிஞ்சுதுங். காலைல ஒம்பது மணிக்கு சர்வீஸ்காரரு நல்லாவே சொல்லீட்டாருங்."

"டீக் குடிக்கறப்ப?"

"தெரியுமுங்."

ஆறுச்சாமி ஐயா கூரையைப் பார்த்தார். அக்கா குழாயை மரச் சட்டத்தில் நிறுத்தினார், கையுறையை ஒரு கைக்கு மட்டும் கழற்றினார், கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்தார். "இந்தப் பஞ்சப் புடிச்சுக்க" என்றார். அவன் ஐயாவின் முழங்கை மடிப்பில் கட்டைவிரலை வைத்துப் பிடித்துக்கொண்டான். அக்கா மாப்பிள்ளையின் அம்மாவின் எண்ணை அமுக்கி, ஒலிபெருக்கியில் போட்டு, ஊசிப் பெட்டிக்கு மேல் போனைச் சாய்த்து வைத்தார். "நீயே சொல்லு. நான் சொன்னா, வேண்டாம்னுட்டு இப்ப வேணும்ங்கறாங்கன்னு ஆகிப்போகும்."

மணி அடித்தது. யாரும் எடுக்காமல் போகட்டும் என்று ஒரு நினைப்பு ஓடியது, ஓடியதை அவன் பார்த்தான், அதற்கும் வெட்கப்பட நேரமில்லை.

"அல்லோ, ஆருங்?" பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"நானுங், உடுமலப்பேட்ட லேப்ல இருந்து பேசறனுங்."

"லேப்லருந்தா? நாங்க டெஸ்ட்டு ஒண்ணும் குடுக்கலியே தம்பி."

"இல்லீங், சுகந்தியோட அம்மா இங்கதானுங் வேலை செய்யறாங். நேத்து தடங்கல்னு சொன்னாங்கல்லங், அது தடங்கலே இல்லீங்."

மிக்ஸி நின்றது. "நீ ஆரு தம்பி? அந்தப் புள்ளைக்கு நீ என்ன வேணும்?"

அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறதென்று ஒரு கணம் கழித்துத்தான் அவனுக்கு எட்டியது. முன்பின் தெரியாத ஓர் இளவட்டம், பெண்ணுக்காகப் பரிந்து பேசுகிறான். சரி செய்ய வந்து இன்னொன்றையும் கொளுத்திவிட்டானா. அக்கா அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நேற்றிலிருந்து முதல் தடவையாக அவனும் பார்த்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தூங்காத கண்.

"சொந்தமெல்லாம் ஒண்ணுமில்லீங். என்ற பேரு நவநீதன். இங்க ரிப்போர்ட்டு அடிக்கறவனுங். அவங்கம்மா ஜாதகத்தப் பிரிண்டு எடுக்கக் குடுத்தாங். எடுத்துக் குடுத்துட்டனுங். அப்பறம் நான் ஒரு பட்டனத் தப்பா அமுத்தி கம்ப்யூட்டரக் கெடுத்துட்டனுங். எல்லாரும் ஜாதகந்தான் காரணம்னாங். நான் சும்மா நின்னுட்டனுங். சிரிச்சனுங். அதையக் கேட்டுத்தானுங் அவங்க பயந்து உங்களுக்குப் போன் போட்டுட்டாங். தப்பு என்னுதுங். அந்தப் புள்ள மேல ஒண்ணுமில்லீங்."

அவன் குரல் பெரிதாகிவிட்டிருந்தது. திரைச்சீலைக்கு வெளியே பெஞ்சு முழுக்கக் கேட்டிருக்கும், வளர்மதிக்கும் கேட்டிருக்கும். கிட்டுசாமி அண்ணனின் செருப்பு திரைச்சீலைக்குக் கீழே தெரிந்தது. எவ்வளவு நேரமாக.

அந்தப் பக்கத்திலிருந்து வந்தது ஒரே வரி. "அவங்கம்மாகிட்டப் போனக் குடு."

அக்கா ஒலிபெருக்கியை அணைத்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு பின்வாசல் பக்கம் போனார். "சரிங்... இல்லீங்... சரிங்..." என்பது மட்டும் வந்தது. எந்தச் சரிங் எதற்கு என்று அவனால் பிரிக்க முடியவில்லை. அண்ணன் திரைச்சீலையை விலக்கி உள்ளே பார்த்தார். திட்டுவார் என்று நவநீதன் தோளைக் குறுக்கினான். "ரிப்போர்ட்டு அடிக்கலாமா?" என்றார்.

"அடிக்கலாமுங்ணா."

"அப்ப வந்து அடி. மத்தத அப்பறம் பேசிக்கலாம்." என்ஜினியரு என்று சொல்லவில்லை. செருப்புச் சத்தம் போயிற்று.

அக்கா திரும்பி வந்தார். ஐயாவின் பெயரெழுதிய சீட்டைக் குழாயில் சுற்றி ஒட்டினார், நகத்தால் நீவினார், ஓரம் எழும்பாதபடி இன்னொரு தடவை நீவினார். குழாயைப் பார்த்துத்தான் சொன்னார். "பையனக் கேட்டுட்டுச் சொல்றாங்களாமா." பிறகு புதுக் கையுறையை மாட்டிக்கொண்டு, திரைச்சீலைக்கு வெளியே தலையை நீட்டி, "அடுத்து ஆருங், வாங்" என்றார்.

நவநீதன் நின்ற இடத்திலேயே நின்றான். போய் அடிக்க வேண்டும். நாற்பத்து மூன்று. நேற்று அக்கா எழுதியதையும் சேர்த்து எல்லாம் அச்சில். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவர், திட்டியாவது இருக்கலாம், திட்டினால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்கும். அடுத்த ஆள் உள்ளே வந்து நாற்காலி எப்போது காலியாகும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி," என்றார் ஆறுச்சாமி ஐயா, பக்கத்தில் இருப்பவனுக்கு மட்டும் கேட்கிற குரலில், அப்படியொரு குரல் அவரிடம் இருக்கிறதென்றே யாருக்கும் தெரியாது. "கைய எடு. ரத்தம் அப்பவே நின்னுபோச்சு."